வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

“நாப்பது நிமிஷ வேலைக்குப் போயிட்டு, நாலு நாள் நாத்து நட்டவ மாதிரி வந்து விழுந்தா, வீட்டுல உள்ளவன் யாருகிட்டப் போய்ச் சொல்ல?”

பெலவேந்திரன் இதைத்தான் போன வெள்ளியும் சொன்னார், அதற்கு முந்தின வெள்ளியும் சொன்னார், ஒரு சொல் கூடாமல் ஒரு சொல் குறையாமல், ஜெபமாலையில் அருள் நிறைந்த மரியே பத்து முடிந்ததும் பரலோக மந்திரம் வருகிற மாதிரி. இன்றைக்கு அவள் இன்னும் கிளம்பக்கூட இல்லை, அதற்குள் சொல்லிவிட்டார்.

“வந்து விழுந்த பொறகு சொல்லுங்க” என்றாள் வயலட், புடவைக் கொசுவத்தைப் பல்லால் கடித்துக்கொண்டே. “அதுவும் இன்னைக்குத்தான் கடைசி. இனி அந்த ரூம்புக்குள்ள நான் காலு வைக்கமாட்டேன். லாங் பெல் அடிக்கதுக்கு முந்தியே ஸ்கூட்டரைக் கொண்டாந்து கேட்டுப் பக்கத்துல நில்லுங்க. பேக் எடுத்து வச்சாச்சு. கோயம்புத்தூர் வண்டியை விட்டோம்னா ஷைனி முகத்துல முழிக்க முடியாது.”

“நான் என்னைக்கு லேட்டா வந்திருக்கேன்? நீதான்...”

“நான் என்னைக்கு லேட்டா வந்திருக்கேன்? மணி அடிச்ச மறு நிமிஷம் வெளிய நிக்கேன்லா? அதானே உங்க குறையே.”

மோட்டார் பம்பு விற்கும் பெலவேந்திரன் ஸ்கூட்டர் சாவியைத் தேடிப் போனார். அவர் வாதமெல்லாம் வீட்டு நடைக்குள் மட்டும்தான். தெருவில் எவன் ஹாரன் அடித்தாலும், சைக்கிள்காரன் மணி அடித்தால்கூட, வண்டியை ஓரங்கட்டி “போங்க போங்க” என்று கையைக் காட்டுகிற மனுஷன்.

ஷைனி அவர்களுடைய ஒரே மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டியவளை டாக்டர் அசையக்கூடாது என்று படுக்க வைத்துவிட்டதால், தாய்தான் மகள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஆகிவிட்டது. பேரப்பிள்ளையைத் தூக்கும்போது கையில் கொஞ்சமாவது தெம்பு மிச்சமிருக்க வேண்டுமே என்பதுதான் வயலட்டுக்கு இப்போது இருந்த ஒரே கவலை. ஏனென்றால் ஊருக்கு ஒரு வருஷம் ஓடியிருந்த காலத்தில், அவளுக்கு ஓடியது எத்தனை என்று அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

அது தொடங்கியது ஜூன் மாதத்தில். மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் பிள்ளைகளுக்கு மேற்படிப்பும் வேலையும் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஒரு வழிகாட்டி மையம் இருக்க வேண்டும் என்று. ஆற்றங்கரையில் கன்னியர்கள் நடத்தும் பெண்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்குத் தங்கள் பாடத்தை நடத்தவே நேரமில்லை. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை, கம்ப்யூட்டரில் பிள்ளைகளின் ரத்த வகையை ஏற்றுகிற வேலை என்று மண்டை காய்ந்து கிடந்தார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் ஹில்டாவுக்கு வயலட் ஞாபகம் வந்தாள். அவர் ஒரு காலத்தில் ஸ்கேலால் புறங்கையில் அடித்து இங்கிலீஷ் கிராமர் புகட்டிய பிள்ளை. “நீ வீட்டுல சும்மாதான இருக்க, வயலட்” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு வயலட்டிடம் முப்பது பதில் இருந்தது, ஆனால் சிஸ்டர் ஹில்டாவைக் கண்டதும் புறங்கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

மையம் என்றால் மாடிப்படிக்குக் கீழே, சாப்பலை ஒட்டிய ஓர் அறை. கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்கிற சொரூபங்களை மற்ற மாதங்களில் அங்கேதான் போட்டு வைப்பார்கள். மூக்குடைந்த ஞானியர் மூன்று பேர், ஒற்றைக்காது ஒட்டகம், வைக்கோல் ஒட்டிய ஒரு தொட்டில். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, பட்டமளிப்புத் தொப்பியை மேலே வீசும் பிள்ளைகளின் படம் ஒன்று, பக்கத்தில் குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிடச் சொல்லும் நம்பர் ஒன்று. பின்னால் ஒரு கக்கூஸ். அந்த அறையைப் பற்றி வயலட் ஆண்டவருக்கு நன்றி சொன்னது அந்த ஒன்றுக்காகத்தான். ஆள் அவள் ஒருத்தி. நேரம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். பிள்ளைகள் பதினொன்றும் பன்னிரண்டும் முழுசாக.

முதல் வெள்ளி, முதல் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்றால் என்ன, அதைத் தாலுகா ஆபீசில் எப்படி வாங்குவது என்று சொல்லி முடிக்கும்போதே பீரியடில் பாதி கரைந்துவிட்டது. வராந்தாவில் நின்ற வரிசை படியிறங்கி, வேம்பைச் சுற்றி, சைக்கிள் ஷெட் வரைக்கும் போயிருந்தது. வரிசையின் வாலில் எவளோ, “நம்ம முறை வாரதுக்குள்ள மணி அடிச்சிரும்ட்டி” என்று சலித்துக்கொண்டது காதில் விழ, வயலட்டுக்கு வழக்கமான எரிச்சல் வந்து, “கடைசிப் பிள்ளை கேட்டு முடிக்க வரைக்கும் மணி அடிக்காது. வாயை மூடிக்கிட்டு நில்லுங்கட்டி!” என்று கத்தினாள்.

மணி அடிக்கவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் உட்கார வந்த காக்கை ஒரு காலை ஊன்றி மறு காலை ஊன்றாமல் அப்படியே நிற்க, வேம்பின் பழுத்த இலை ஒன்று விழுந்தும் விழாமல் நடுவானில் தொங்க, உள்ளே ஒரு பிள்ளை போய் அடுத்த பிள்ளை வர, நர்சிங், பி.காம்., போலீஸ், லேப் டெக்னீஷியன், கேட்டரிங், மறுபடி நர்சிங், அப்பா ஆத்தைத் தாண்டி அனுப்பமாட்டார், அம்மா ஹாஸ்டல் வேண்டாம் என்கிறாள், அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டான் என்று வயலட் கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி, பசித்து, அந்தப் பிள்ளைகள் தந்த புளிச்சோற்றைத் தின்று, பெஞ்சில் தூங்கி, எழுந்து முகம் கழுவி, கடைசிப் பிள்ளை “தேங்க் யூ டீச்சர்” என்று எழுந்தபோது காக்கை மறு காலை ஊன்றியது. அட்டெண்டர் இசக்கியம்மாள் ஓங்கியிருந்த இரும்புக் கம்பி தண்டவாளத் துண்டின்மேல் இறங்கியது. லாங் பெல். வெளியே நின்றவர்கள் கண்ணுக்கு, பிள்ளைகள் நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்புகிற வேகத்தில் உள்ளே போய் வெளியே வந்தார்கள், அவ்வளவுதான்.

சிஸ்டர் ஹில்டா ஆச்சரியப்படவில்லை. வெட்டி இரண்டே நாளான நகம் விரற்கடை வளர்ந்திருந்ததை வயலட் நீட்டிக் காட்டியபோது, மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, “ஆண்டவர் நேரத்தைக் கூட்டிக் குடுத்திருக்கார். அப்ப பத்தாம் கிளாசையும் சேத்துக்கிடலாம்” என்றார்.

ஊரும் ஆச்சரியப்படவில்லை. ஊருக்கு அதிசயம் முக்கியமில்லை, அதனால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். வயலட் உள்ளே இருந்து, வரிசையில் ஒரு பிள்ளை மிச்சமிருக்கும் வரை அந்த அறைக்குள் நேரம் தீராது என்று தெரிந்த இரண்டாவது மாதமே, பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைகள் பெஞ்சில் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் காலையில் மாவாட்ட மறந்த வாத்திச்சிமார் வாளியோடு வந்தார்கள், ஒரு பீரியடில் மாவு பொங்கி வழிந்தது. மாங்காய் ஊறுகாய் ஜாடிகள் ஒட்டகத்தின் காலடியில் வரிசைகட்டின. கல்யாண ரவிக்கைகளைக் கெடுவுக்குள் முடிக்க முடியாத தையல்காரி மெஷினையே தூக்கிவந்து போட்டாள். ராத்தூக்கம் இல்லாத பிள்ளைத்தாய்ச்சிகளும் கைக்குழந்தைக்காரிகளும் ஞானியர் பக்கத்தில் பாய் விரித்துக் குறட்டை விட்டார்கள். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை அங்கே வந்து எழுதினார், நேரம் அவ்வளவு கிடைத்தும் பிரசங்கம் சுருங்கவில்லை என்பதுதான் சபைக்கு வருத்தம். எல்லாரும் அவரவர் வேலை முடிந்ததும் எழுந்து போனார்கள். போகிறவர்கள் எல்லாரும், “உனக்கென்ன வயலட், ஒக்காந்துதான இருக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆள் கேட்டாள். கேட்காமல் இல்லை. “எனக்கு ஒரு கூட்டாள் வேணும் சிஸ்டர், மாறி மாறி ஒக்காரலாம்” என்றாள். இயற்பியல் ஞானதுரை சாரை ஒரு வெள்ளி அவளோடு உட்கார வைத்தார்கள். மணி அடித்தபோது நெஞ்சு வரைக்கும் தாடியோடு வெளியே வந்த சார், நேரே ஸ்டாஃப் ரூமுக்குப் போய் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்து, அடுத்த வாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். “சாருக்குக் குடும்பம் இருக்குல்லா” என்று ஸ்டாஃப் ரூம் உச்சுக்கொட்டியது. வயலட்டை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு வேறு ஆளை வைத்தும் பார்த்தார்கள். நாற்பது நிமிஷம் நாற்பது நிமிஷமாகவே இருந்தது. மாவு பொங்கவில்லை. ஊர்ப் பெண்கள் வயலட் வீட்டுக்கே வந்து, “ஒரு வாரம் நீ இல்லாம என்ன பாடு பட்டோம்” என்று குறை சொன்னார்கள்.

எழுந்து வெளியே போனால் என்ன என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. அதையும் ஆவணியில் ஒரு வெள்ளி செய்து பார்த்தாள். வரிசை பாதியில் இருக்கும்போதே வாசல்படியைத் தாண்டி வராந்தாவில் கால் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் மணி அடித்தது. நின்ற பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். கால் ஊனமான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலிடெக்னிக் கடைசித் தேதி கேட்க நின்ற ஒருத்தி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவளுக்கு அந்தத் தேதி அன்றைக்குத்தான். அதற்கப்புறம் வயலட் படியைத் தாண்டவில்லை.

மணி என்றால் அந்தப் பள்ளியில் சும்மா இல்லை. தெருவில் வைத்து ஓர் அண்ணன்காரன் தங்கச்சியின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதைக் கேட்டில் நின்று பார்த்த வயலட், “சிஸ்டர், பாத்துக்கிட்டு நிக்கீங்களே” என்று குதித்தபோது, சிஸ்டர் ஹில்டா அசெம்பிளியில் சொல்வதையே அவளிடமும் சொன்னார். “லாங் பெல் அடிக்கிற வரைக்கும் பிள்ளை நம்ம பொறுப்பு. அடிச்சாச்சுன்னா வீட்டுப் பொறுப்பு. இந்த ஒரு சட்டத்துலதான் இத்தன வருஷமா ஸ்கூல் ஓடுது.”

ஆக அவள் உள்ளேயே இருந்தாள். கண்ணாடி நம்பர் ஏறியது. முழங்கால் படியேற மறுத்தது. மாதவிலக்கு நின்றுபோனது, ஒரு பி.காம். பிள்ளைக்கும் ஒரு நர்சிங் பிள்ளைக்கும் நடுவில். தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு உள்ளே போனால் வெளியே வரும்போது வேரோடு வெள்ளை தெரிந்தது. தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரும்போது, பெலவேந்திரனின் பழைய வாடிக்கைக்காரன் ஒருவன், “அண்ணாச்சி, அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?” என்று கேட்டான். பெலவேந்திரன் சிரித்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடியின் முன்னால் ரொம்ப நேரம் தலை சீவினார். வயலட் வாசல் விளக்கை அணைத்தாள். வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சீப்பு அன்றைக்கு இரண்டாக ஒடிந்திருக்கும்.

இப்படியாக, பொதுத்தேர்வுக்கு முந்தின கடைசி வேலை நாள் வந்தது. வெள்ளிக்கிழமை. வயலட் உள்ளே போனாள். வரிசை வந்தது. தையல்காரி கடைசி ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடித்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். வாளிகள் போயின. ஜாடிகள் போயின. தூங்கினவர்கள் பாயைச் சுருட்டினார்கள். வயலட் எல்லாப் பிள்ளைக்கும் எல்லாத் தேதியையும் சொல்லி, தொண்டை கட்டி, எத்தனையோ முறை தூங்கி எழுந்து, கடைசியாக மேசையை ஒருமுறை துடைத்து, ஒட்டகத்தின் ஒற்றைக்காதையும் துடைத்து, “இனி டிசம்பர்ல ஒங்களை வேற எவளாவது எடுத்து வைப்பா” என்று ஞானியரிடம் சொல்லிவிட்டு, நிமிர்ந்தால், வாசலில் பேச்சித்தாய் நின்றாள்.

பன்னிரண்டாம் வகுப்பு. எல்லா வெள்ளியும் வருவாள், ஓரமாக நின்று மற்றவர்கள் கேட்பதைக் கேட்பாள், தன் முறை வந்தால் “எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்” என்று போய்விடுவாள். இன்றைக்குப் புத்தகப் பை இல்லை. ஜவுளிக்கடைத் துணிப்பை ஒன்றை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தாள்.

“உக்காரு. சீக்கிரம் சொல்லு. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு” என்றாள் வயலட்.

பேச்சித்தாய் உட்கார்ந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே காக்கை ஒரு காலை ஊன்றி நின்றது.

“எனக்குச் சந்தேகம் இருக்கு டீச்சர்.”

“அதுக்குத்தான இந்த நாற்காலி. கேளு.”

“யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“வீட்டுலயே யோசிச்சுட்டு வரணும்ட்டி. என்ன படிக்கணும்? நர்சிங்கா? டீச்சர் ட்ரெய்னிங்கா?”

“அது இல்ல டீச்சர்.”

“பின்ன?”

“இன்னும் யோசிக்கேன்.”

வயலட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பேச்சித்தாயும் பதறி எழுந்தாள். எழுந்த வேகத்தில் துணிப்பை கவிழ்ந்து, இரண்டு நைட்டி, ஒரு பற்பசை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் தரையில் உருண்டன. டம்ளர் உருண்டு உருண்டு ஒட்டகத்தில் முட்டி நின்றது.

“எங்கட்டி போற, தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கிட்டு?”

“கேட்டுல நூல் மில் வேன் நிக்கி டீச்சர். மாமா முன்னால ஒக்காந்திருக்காவ. மணி அடிச்சதும் ஏத்திருவாவ.”

“பரீட்சை?”

“எழுதாண்டாமாம்.”

“ஒங்க அம்மை?”

“அம்மைதான் பற்பசை வாங்கித் தந்தா.”

வயலட் ஜன்னலுக்குப் போனாள். முழங்கால் பிடித்துக்கொள்ள, கம்பியைப் பற்றி நின்றாள். கேட் தெரிந்தது. வெள்ளை வேன் நின்றது, பின்னால் கக்கின புகை கலையாமல் பஞ்சு மாதிரி அந்தரத்தில் நின்றது. உள்ளே நாலைந்து பிள்ளைகளின் தலை. டிரைவர் பக்கத்தில் மீசை வைத்த ஒருவன். சிஸ்டர் ஹில்டா ஆபீஸ் வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி. இசக்கியம்மாள் கம்பியை ஓங்கியபடி.

போனை எடுத்தாள். சுவரில் ஒட்டியிருந்த நம்பரை அழுத்தினாள். அந்த அறைக்குள் போன் எடுக்காது என்று அவளுக்குத் தெரியும், வெளியே ஒரு நொடி நகர்ந்தால்தானே அங்கே மணி போகும், இருந்தாலும் அழுத்தினாள், காதில் வைத்தாள், ஊமையாக இருந்த போனை ரொம்ப நேரம் காதிலேயே வைத்திருந்தாள். படியைத் தாண்டினால் போன் எடுக்கும். படியைத் தாண்டினால் மணியும் அடிக்கும். அடித்தால் வீட்டுப் பொறுப்பு. கேட்டுக்கு முப்பதடி, தன் முழங்காலுக்கு அது முந்நூறு. எதிர்முனையில் எவராவது எடுத்து, ஊர் பேர் கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் வேன் ஆற்றுப்பாலத்தைத் தாண்டியிருக்கும்.

“என் சந்தேகம் முடியாது டீச்சர்” என்றாள் பேச்சித்தாய் பின்னாலிருந்து, தட்டைப் பொறுக்கிக்கொண்டே, மன்னிப்புக் கேட்கிற குரலில். “நீங்கதான் சொன்னிய. கேட்டு முடிக்க வரைக்கும் அடிக்காதுன்னு.”

“சொன்னேன்ட்டி. இந்த வாயி என்னைக்குச் சும்மா கெடந்திருக்கு.”

“நான் ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன். ஒங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன். பாயி கூட வேண்டாம்.”

வயலட் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். தொண்டை வரை வந்தது, “எனக்கும் ஒரு மக இருக்காட்டி” என்று. அதை விழுங்கினாள். கோயம்புத்தூரில் ஷைனி புரண்டு படுக்கப் போகிற நொடியில் புரளாமல் கிடப்பாள். அவளுக்கு வலி எடுக்காது, பிள்ளை பிறக்காது, அம்மைக்காகத் தான் காத்திருப்பதைக்கூட அறியமாட்டாள். வயதாவது இங்கே மட்டும்தான், இந்த ஒட்டகத்துக்கும் தொட்டிலுக்கும் நடுவே, இரண்டு பொம்பளைக்கு.

“எவ்வளவு நேரம்ட்டி யோசிப்ப?”

பேச்சித்தாய் தட்டில் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், சத்தம் வராமல்.

வயலட் மறுபடி ஜன்னலுக்குத் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள். வேனின் மூக்குக்கு நேர் எதிரே, கேட்டை அடைத்தாற்போல, பெலவேந்திரனின் ஸ்கூட்டர். காலிடுக்கில் கோயம்புத்தூர் பேக். சொன்ன சொல் தவறாமல் மணிக்கு முன்னமே வந்து நின்றுகொண்டு, வாட்சைப் பார்க்க மணிக்கட்டைத் தூக்கியிருந்தார், கண் இன்னும் வாட்சுக்கு வந்து சேரவில்லை. உதடு லேசாகப் பிரிந்திருந்தது. நாப்பது நிமிஷ வேலைக்கு என்று தொடங்கப் போகிற உதடு. அவருக்குப் பின்னால் வேன் டிரைவரின் உள்ளங்கை ஹாரனின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னும் தொடவில்லை. தொட்டால் என்ன நடக்கும் என்று வயலட்டுக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். தலையைக் குலுக்கிக்கொண்டு, காலால் உந்தி, “போங்க போங்க.”

அவர் மட்டும் நகராமல் நின்றால் போதும். சிஸ்டரிடம் கத்த, போனைப் பேசி முடிக்க, இந்த முழங்காலை இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய் அந்த மீசைக்காரனின் சட்டையைப் பிடிக்க, ரெண்டு நிமிஷம், வெளியே ஓடுகிற நிஜ நிமிஷம் ரெண்டு போதும். நிற்பார் என்று தெரிந்தால் இப்போதே படியைத் தாண்டிவிடலாம்.

ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தி, கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் ஒருநாளும் பேசியிராத குரலில், கெஞ்சலாக, வயலட் கூப்பிட்டாள்.

“என்னங்க... யாரு ஹாரன் அடிச்சாலும் இன்னைக்கு மட்டும் அந்த ஸ்கூட்டரை நகத்தாதீங்க.”

மதில்மேல் காக்கை ஒரு காலில் நின்றது.

“ஒங்களைத்தாங்க. கேக்குதா? நகத்தாதீங்க.”